மர்ஹூமின் கடன் கணக்கும் வீட்டுக் கணினிகளும்: பழைய கணினிகளின் இணைப்பைச் சரிபார்ப்பது எப்படி?



ஒருவர் மவுத்தாகிவிட்டால், அவர் விட்டுச் சென்ற சொத்திலிருந்து முதலில் கஃபன் மற்றும் அடக்கச் செலவு, அடுத்து அவருடைய கடன், பிறகு மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படாத வஸிய்யத், அதன் பின்னரே வாரிசுகளின் பங்கு. இந்த வரிசை நம் மக்களில் பெரும்பாலோருக்குத் தெரியும். தெரியாமல் தவிப்பதெல்லாம், கடன் யாருக்கு, எவ்வளவு என்பதில்தான். நம் பாட்டனார் காலத்தில் அது கடையின் சிட்டை நோட்டில் இருந்தது. இப்போது பல வீடுகளில் அது பின்னறையில் தூசு படிந்து நிற்கும் ஒரு பழைய கணினிக்குள் இருக்கிறது.

சில மாதங்களுக்கு முன் கடற்கரை ஊர் ஒன்றில் கடை வைத்திருந்த சகோதரர் ஒருவர் திடீரென வஃபாத்தானார். இத்தாவில் இருந்த அவருடைய மனைவியின் தம்பி நம்மிடம் வந்தார்.

"ஹஜ்ரத், மச்சானோட கொடுக்கல் வாங்கல் கணக்கு பூரா வீட்டு சிஸ்டத்துலதான் இருக்கு. முன்னாடி ஹால்ல உக்காந்தே மருமவ லேப்டாப்புல தொறந்து பிரிண்ட் எடுத்துக் குடுக்கும். இப்ப வரமாட்டேங்குது. சிஸ்டமும் அரை மணி நேரம் ஓடுனா தானா அணைஞ்சு போவுது. ரிப்பேர் பண்ற பையன் ஃபார்மட் அடிச்சாச் சரியாயிடும்ங்கிறான். அடிக்கச் சொல்லிரவா?"

நாம் கணினிப் பொறியாளர் அல்லர். மத்ரஸா அலுவலகத்தில் யாரோ ஹதியாவாகக் கொடுத்த நான்கு பழைய இயந்திரங்களோடு பல ஆண்டுகள் மல்லுக்கட்டியதில் கற்றுக்கொண்டது கொஞ்சம், அவ்வளவுதான். ஆனாலும் அந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்லத் தெரிந்தது: அடிக்கவே கூடாது. இணைப்பு வரவில்லை என்பதற்காகக் கணினியை ஃபார்மட் செய்வது, வீட்டுக்கு வரும் சாலை பழுதானதற்காக வீட்டை இடிப்பது போன்றது. சாலை அப்போதும் பழுதாகவே இருக்கும், வீட்டிலிருந்த பொருள் மட்டும் போயிருக்கும்.

அந்த வீட்டில் பார்த்ததையும் செய்ததையும் அவர்களுடைய சம்மதத்தோடு இங்கே எழுதுகிறோம். ஊரும் பேரும் தேவையில்லை. இதே நிலையில் இருக்கும் வேறு வீடுகளுக்கு வழி தெரிந்தால் போதும்.

முதலில் உயிரைக் காப்பாற்றுங்கள்

நாம் போனதும் முதலில் கேபிளைத் தொடவில்லை. கணினியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, உள்ளே அடைத்துக்கொண்டிருந்த தூசைப் பெயின்ட் அடிக்கும் பிரஷால் மெதுவாக நீக்கி, ஒரு டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பி வைத்தோம். அரை மணி நேரத்தில் தானாக அணையும் பழைய கணினிகளில் பலவற்றுக்கு நோய் சூடுதான். பிராசஸர் மேல் இருக்கும் சிறு விசிறி தூசில் சிக்கி நின்றால், கருகிப்போகாமல் இருக்க இயந்திரம் தன்னையே அணைத்துக்கொள்ளும்.

பிறகு கணினியை ஓடவிட்டு, கணக்குப் பைலைத் திறந்து, முக்கியமான பக்கங்களைத் தம்பியின் செல்போனில் படம் எடுக்கச் சொன்னோம். இதற்கு நெட்வொர்க் எதுவும் தேவையில்லை. அழகாக இருக்காதுதான். ஆனால் அடுத்த நிமிடமே ஹார்ட் டிஸ்க் போய்விட்டாலும் கையில் ஏதோ ஒன்று மிஞ்சும்.

பென்டிரைவில் எடுத்துவிடலாமே என்று வாசகர்கள் கேட்பீர்கள். நாமும் முதலில் அதைத்தான் முயன்றோம். உப்புக் காற்று வீசும் ஊர்களில் பத்து, பதினைந்து வருடக் கணினிகளின் யுஎஸ்பி துளைகள் எப்படியிருக்கும் என்பது அங்கே வாழ்பவர்களுக்குத் தெரியும். பென்டிரைவ் ஒரு நொடி தெரியும், மறு நொடி மறையும். பாதி நகலெடுக்கும்போது அறுந்தால் பைலே கெட்டுவிடும் என்பதால் நிறுத்திவிட்டோம். ஹார்ட் டிஸ்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டலாம் என்றால், அது அகலமான பட்டைக் கேபிள் மாட்டும் பழைய வகை. அதற்கான இணைப்பான் அன்று ஊரில் கிடைக்கவில்லை. எனவே எஞ்சிய வழி வீட்டு நெட்வொர்க்தான்.

அத்தோடு அந்தக் கணினியை அணைத்துவிட்டோம். அதில்லாமலேயே சரிபார்க்கக் கூடியவை நிறைய இருந்தன. அபாய நிலையில் இருக்கும் இயந்திரத்தைச் சோதனைக்காக ஓட்டிக்கொண்டே இருக்கக் கூடாது.

கடைசியாக எப்போது வேலை செய்தது?

இந்தக் கேள்வியைக் கேட்காமல் யாரும் கேபிளைப் பிடுங்க வேண்டாம். நேற்றுவரை ஓடிய ஒன்று இன்று நின்றால், நடுவில் ஏதோ மாறியிருக்கும். "ஒண்ணுமே மாத்தலையே" என்பதுதான் எல்லா வீட்டிலும் வரும் முதல் பதில். கொஞ்சம் பொறுமையாக இருந்தால் உண்மை வரும்.

இங்கேயும் அப்படித்தான். உள்ளறையிலிருந்து தம்பி மூலமாக அந்தச் சகோதரி சொல்லி அனுப்பிய பிறகுதான் இரண்டு விஷயங்கள் தெரிந்தன. ஒன்று, துபாயில் வேலை பார்க்கும் மூத்த மகன் விடுப்பில் வந்தபோது, பின்னறைக்கு வைஃபை எட்டவில்லை என்று ஒரு பழைய ரவுட்டரை அங்கே வைத்துவிட்டுப் போயிருக்கிறார். இரண்டு, மகள் முன்பு பயன்படுத்தியது அரசின் இலவச லேப்டாப். கல்லூரிக்காக அண்மையில் விண்டோஸ் 10 உள்ள வேறு லேப்டாப்புக்கு மாறியிருக்கிறார். 2011-இல் தொடங்கிய அந்த அரசுத் திட்டத்தில் வந்த லேப்டாப்புகள் நம் வீடுகளில் இன்னும் பீரோ மேல் கிடக்கின்றன. தூக்கி எறிந்துவிடாதீர்கள், கதையின் பிற்பகுதியில் அது வரும்.

ஸனதைப் பார்ப்பது போல

மத்ரஸாவில் ஹதீஸ் கலை ஓதியவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. செய்தி வந்து சேரவில்லை என்றால், அல்லது சந்தேகமாக வந்தால், அறிவிப்பாளர் வரிசையை எடுத்து ஒவ்வொருவராகப் பார்ப்போம். இவர் அவரைச் சந்தித்தாரா, அவரிடமிருந்து கேட்டாரா, எந்தக் கண்ணியில் அறுந்திருக்கிறது என்று. வரிசையில் ஓர் ஆள் விடுபட்டால் மற்ற அனைவரும் நம்பகமானவர்களாக இருந்தும் பயனில்லை.

கணினி இணைப்பும் ஒரு வரிசைதான். பின்னறைக் கணினி, அதன் கேபிள், அங்குள்ள ரவுட்டர், அதிலிருந்து ஹாலுக்குப் போகும் நீளக் கேபிள், ஹாலில் உள்ள ஃபைபர் பெட்டி, அதன் வைஃபை, மகளின் லேப்டாப். இதில் எங்கே அறுந்திருக்கிறது? நம் மக்கள் செய்யும் தவறு, வரிசையின் இரு முனைகளை மட்டும் மாறிமாறிக் குற்றம் சாட்டுவது. "சிஸ்டம் பழசு" என்பார்கள், அல்லது "நெட்காரன் சரியில்லை" என்பார்கள். நடுவில் இருப்பவரை யாரும் விசாரிப்பதில்லை.

அணைத்து வைத்த கணினியின் கேபிளைப் பிடுங்கி, பீரோ மேலிருந்து இறக்கிய இலவச லேப்டாப்பில் செருகினோம். கேபிள் செருகும் இடத்தில் ஒரு சிறு விளக்கு எரிய வேண்டும். அது எரிந்து எரிந்து அணைந்தது. அதாவது வேறு கணினியை மாட்டினாலும் அதே கோளாறு. ஆக, கணினி நிரபராதி. கேபிளின் முனையைப் பார்த்தால், பிடித்துக்கொள்ளும் பிளாஸ்டிக் நாக்கு உடைந்திருந்தது, செம்புத் தகடுகளில் பச்சை பூத்திருந்தது. வேறு கேபிளை மாட்டியதும் விளக்கு நிலையாக எரிந்தது.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. சந்தேகத்துக்குரிய ஒன்றைச் சோதிக்க, நல்லது என்று உறுதியாகத் தெரிந்த இன்னொன்றை அதன் இடத்தில் வைக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். கேபிள், ரவுட்டர், செட்டிங் மூன்றையும் ஒன்றாக மாற்றிவிட்டு, சரியாகிவிட்டால் எதனால் சரியானது என்று தெரியாது. சரியாகவில்லை என்றால் நிலைமை இன்னும் மோசம்.

வீட்டு எண்ணைப் பாருங்கள்

நெட்வொர்க்கில் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண் உண்டு. அதை ஐபி முகவரி என்பார்கள். அந்த எண்ணை வழங்குவது ரவுட்டர். விண்டோஸ் கணினியில் அதைப் பார்க்க, ஸ்டார்ட் மெனுவில் சிஎம்டி என்று தட்டினால் வரும் கறுப்புத் திரையில் ஐபிகான்ஃபிக் என்ற கட்டளையை இடைவெளி விடாமல் ஆங்கில எழுத்துகளில் அடித்து என்டர் தட்ட வேண்டும்.

வரும் எண் 192.168 என்று தொடங்கினால், வீட்டில் ஏதோ ஒரு ரவுட்டர் எண் கொடுத்திருக்கிறது என்று பொருள். 169.254 என்று தொடங்கினால், கணினி எண் கேட்டும் யாரும் பதில் தரவில்லை, அதுவே ஒன்றை வைத்துக்கொண்டது என்று பொருள். 169.254 தெரிந்தால் இணையக் கம்பெனிக்கு போன் போட்டுச் சண்டை பிடிப்பதில் அர்த்தமில்லை. கோளாறு பெரும்பாலும் உங்கள் வீட்டுக்குள், அந்தக் கணினிக்கும் ரவுட்டருக்கும் நடுவில்தான் இருக்கும்.

பழைய கேபிளில் 169.254 காட்டிய இலவச லேப்டாப், புதிய கேபிளில் 192.168.0.5 என்று காட்டியது. மகிழ்ச்சிதான். ஆனால் ஹாலில் மகளின் லேப்டாப்பில் பார்த்தால் 192.168.1.7. மூன்றாவது எண்ணைக் கவனியுங்கள். ஒன்றில் 0, மற்றொன்றில் 1. ஒரே வீட்டில் இரண்டு தெருக்கள் உருவாகியிருந்தன.

இரண்டு ரவுட்டர் வைத்த வீடு

இதுதான் நாம் பல வீடுகளில் பார்க்கும் குழப்பம் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறோம். ரவுட்டரின் பின்புறத்தில் வான் என்று எழுதிய, பெரும்பாலும் வேறு நிறத்தில் இருக்கும் ஒரு துளையும், லான் என்ற நான்கு துளைகளும் இருக்கும். வெளியிலிருந்து வரும் கேபிளை வானில் செருகினால், அந்த ரவுட்டர் தனக்குக் கீழே புதிய தெரு ஒன்றை அமைத்து, அதன் வாசலில் காவலாளியாக நின்றுகொள்ளும். உள்ளே இருப்பவர்கள் வெளியே போகலாம். வெளியே இருப்பவர்கள் தாமாக உள்ளே வர முடியாது. இணையத்திலிருந்து வீட்டைக் காக்க இது நல்ல ஏற்பாடு. ஆனால் வீட்டுக்குள்ளேயே இன்னொரு காவலாளி நின்றால், ஹாலில் இருக்கும் மகளின் லேப்டாப்புக்குப் பின்னறைக் கணினி தெரியாமல் போய்விடும். இரண்டிலும் நெட் வரும் என்பதால் யாருக்கும் சந்தேகமும் வராது.

சரிசெய்யும் முறை இது. ஒரு லேப்டாப்பை அந்த இரண்டாவது ரவுட்டரின் லான் துளையில் கேபிளால் இணைத்து, பிரவுசரில் அந்த ரவுட்டரின் எண்ணைத் தட்டினால் அதன் செட்டிங் பக்கம் திறக்கும். எண் தெரியாவிட்டால், ஐபிகான்ஃபிக் காட்டும் பட்டியலில் டிஃபால்ட் கேட்வே என்ற இடத்தில் இருப்பதுதான் அது. அங்கே ரவுட்டரின் சொந்த எண்ணை முதன்மை ரவுட்டரின் தெருவில் இருக்கும்படி, உதாரணமாக 192.168.1.2 என்று மாற்ற வேண்டும். முதன்மை ரவுட்டர் பிறருக்கு வழங்கும் எண்களில் இது சேராமல் இருக்க வேண்டும். ரவுட்டர் அணைந்து எழுந்ததும், புதிய எண்ணில் மீண்டும் நுழைந்து, டிஹெச்சிபி என்ற எண் வழங்கும் வேலையை நிறுத்த வேண்டும். கடைசியாக, வான் துளையில் இருக்கும் கேபிளைப் பிடுங்கி லான் துளை ஒன்றில் செருக வேண்டும். வான் துளை காலியாகவே இருக்கட்டும்.

வரிசையை மாற்றிவிடாதீர்கள். டிஹெச்சிபியை நிறுத்தாமல் கேபிளை லானுக்கு மாற்றினால், ஒரே தெருவில் இரண்டு பேர் வீட்டு எண் வழங்கும் நிலை வரும். அப்போது சில கருவிகளுக்கு நெட் வரும், சிலவற்றுக்கு வராது, காலையில் வந்தது மாலையில் போகும். கண்டுபிடிப்பது மிகச் சிரமம்.

இதைச் செய்து முடித்ததும் எல்லாக் கருவிகளும் 192.168.1 என்ற ஒரே தெருவுக்கு வந்துவிட்டன. அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிவிட்டு, பின்னறைக் கணினியை ஓடவிட்டோம்.

2002-ஆம் ஆண்டில் நின்ற கடிகாரம்

கணினி எழுந்ததும் ஒரு கறுப்புத் திரையில் எஃப்1 விசையை அழுத்தச் சொல்லி நின்றது. அழுத்தியதும் விண்டோஸ் வந்தது. கடிகாரத்தில் 2002 ஜனவரி. தாய்ப்பலகையில் ஐந்து ரூபாய் நாணயம் போல ஒரு பேட்டரி இருக்கும். சிஆர் 2032 என்பது அதன் பெயர், 3 வோல்ட். கைக்கடிகாரக் கடையிலும் கிடைக்கும். அது தீர்ந்துபோனால், கரன்ட்டிலிருந்து எடுத்த ஒவ்வொரு முறையும் கணினி தன் பழைய தேதிக்குப் போய்விடும்.

இதை ஏன் நெட்வொர்க் கட்டுரையில் சொல்கிறோம் என்றால், தேதி தவறாக இருந்தால் பாதுகாப்பான இணையதளங்கள் திறக்காது. ஒவ்வொரு தளமும் இந்த நாளிலிருந்து இந்த நாள்வரை செல்லும் என்ற சான்றிதழோடு வருகிறது. கணினியோ தான் 2002-இல் இருப்பதாக நினைக்கிறது. எனவே சான்றிதழ் இன்னும் தொடங்கவே இல்லை என்று மறுத்துவிடும். வீட்டில் உள்ளவர்கள் "நெட் போச்சு" என்பார்கள். நெட் இருக்கும், நாள்தான் போயிருக்கும்.

ஆனால் அந்த வீட்டில் இந்தத் தேதி இதைவிடப் பெரிய விஷயமாக ஆகப்போகிறது என்று அப்போது நமக்குத் தெரியாது.

இருவருக்கும் பொதுமொழி இல்லை

ஹாலிலிருந்து பிங் என்ற கட்டளையைக் கொடுத்து, பின்னறைக் கணினியின் எண்ணைத் தட்டினோம். பதில் வந்தது. பாதை திறந்துவிட்டது என்று இதற்குப் பொருள். ஆனால் மகளின் லேப்டாப்பில் ஃபோல்டரைத் திறந்தால் மட்டும் மறுப்பு. பாதை சரியாக இருந்தும் பேச்சு நடக்கவில்லை.

காரணம் இதுதான். விண்டோஸ் கணினிகள் பைல்களைப் பகிர்ந்துகொள்ள எஸ்எம்பி என்ற மொழியில் பேசுகின்றன. விண்டோஸ் எக்ஸ்பிக்குத் தெரிந்தது அதன் முதல் பதிப்பு மட்டும். 2017 மே மாதம் உலகம் முழுவதும் மருத்துவமனைகளையும் நிறுவனங்களையும் முடக்கிய வன்னாகிரை என்ற வைரஸ், அந்த முதல் பதிப்பில் இருந்த ஓட்டை வழியாகத்தான் பரவியது. அதே ஆண்டு அக்டோபரில் வந்த பதிப்பு முதல், புதிதாக நிறுவப்படும் விண்டோஸ் 10-இல் அந்தப் பழைய மொழி இயல்பாக இருப்பதில்லை. ஆக, எக்ஸ்பி பேசுவது விண்டோஸ் 10-க்குப் புரியாது, விண்டோஸ் 10 பேசுவது எக்ஸ்பிக்குப் புரியாது.

யூடியூபில் பார்த்தால், விண்டோஸ் 10-இல் பழைய மொழியை மீண்டும் இயக்கிவிடு என்று வழி சொல்வார்கள். செய்யலாம், வேலையும் நடக்கும். நாம் அதைப் பரிந்துரைப்பதில்லை. பிள்ளையின் படிப்பும் வங்கிக் கணக்கும் இருக்கும் லேப்டாப்பில், மூடப்பட்ட ஓட்டையைத் திறந்துவிட்டு, பிறகு மூட மறந்துவிடுவதுதான் நம் வழக்கம்.

விண்டோஸ் 7-க்கு இரண்டு மொழியும் தெரியும். இலவச லேப்டாப்பில் இருந்தது அதுதான். அதை மொழிபெயர்ப்பாளராக வைத்தோம். அதில் ஃபோல்டர் திறக்கும் கட்டத்தின் மேலே, பின்சாய்ந்த கோடு இரண்டும் எக்ஸ்பியின் எண்ணும், அதாவது \\192.168.1.20 என்று அடித்ததும் அந்தக் கணினியின் ஃபோல்டர்கள் வரிசையாக வந்தன. கணினியின் பெயரைத் தட்டாமல் எண்ணைத் தட்டியது வேண்டுமென்றேதான். பழையதும் புதியதும் கலந்த வீடுகளில் பெயர் கண்டுபிடிக்கும் ஏற்பாடு அடிக்கடி தடுமாறும், எண் தடுமாறாது.

உங்கள் வீட்டில் இந்த இடத்திலும் திறக்கவில்லை என்றால், எக்ஸ்பியில் காலாவதியான ஆன்டிவைரஸ் ஏதாவது கிடக்கிறதா என்று பாருங்கள். அது வைரஸைத் தடுக்கும் வேலையை எப்போதோ விட்டிருக்கும். ஆனால் வாசலை மறித்து நிற்பதை மட்டும் விடாது.

எது கடைசிக் கணக்கு?

நகலெடுத்து முடிந்ததும், இலவச லேப்டாப்பிலிருந்து பென்டிரைவ் வழியாக, வைரஸ் சோதனை செய்து, மகளின் லேப்டாப்புக்கு மாற்றினோம். கணக்கு என்ற பெயரில் மூன்று எக்செல் பைல்கள் இருந்தன. தம்பி தேதிப்படி வரிசைப்படுத்தி, மேலே வந்ததைத் திறந்து, "இதுதான் ஹஜ்ரத் கடைசி" என்றார்.

அதுவல்ல. பேட்டரி தீர்ந்த பிறகு மர்ஹூம் அவர்கள் சேமித்த பைலுக்குக் கணினி போட்ட தேதி 2002. அதனால் உண்மையில் மிகப் புதியதாக இருந்த கணக்கு, பட்டியலில் எல்லாவற்றுக்கும் கீழே, மிகப் பழையதைப் போல் கிடந்தது. உள்ளே அவர் கைப்பட அடித்திருந்த தேதிகளை வைத்துத்தான் அதைக் கண்டுகொண்டோம்.

முந்தைய பைலுக்கும் இதற்கும் இரண்டு வித்தியாசங்கள். மொத்த வியாபாரி ஒருவருக்கான பாக்கி இதில் தீர்க்கப்பட்டிருந்தது. அடுத்த வரியில், தெருவில் தனியாக வாழும் ஒரு மூதாட்டி தம் பணத்தைக் கடையில் அமானத்தாகக் கொடுத்து வைத்திருந்தது பதிவாகியிருந்தது. அந்த அம்மா மவுத்து வீட்டுக்கு வந்து துஆ செய்துவிட்டுப் போனவர். பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. இத்தா இருக்கும் வீட்டில் எப்படிக் கேட்பது என்று இருந்துவிட்டாராம்.

அமானத் என்பது மவுத்தானவரின் சொத்தே அல்ல, உரியவரிடம் திருப்பிக் கொடுக்க வேண்டியது. தேதியை நம்பி மேலே வந்த பைலையே பிரிண்ட் எடுத்திருந்தால், தீர்ந்த கடனை இரண்டாம் முறை கொடுத்து, கொடுக்க வேண்டிய அமானத்தை வாரிசுகள் பங்கிட்டிருப்பார்கள். யாருக்கும் தெரிந்திருக்காது.

கணினியில் இருக்கிறது என்பதாலேயே ஒரு கணக்கு சாட்சியாகிவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். அது ஒரு குறிப்பு. சம்பந்தப்பட்டவர்களை அழைத்து, அவர்கள் சொல்வதோடு ஒத்துப் பார்த்து, வாரிசுகள் ஏற்றுக்கொண்ட பிறகே தொகைகள் கொடுக்கப்பட்டன. கருத்து வேறுபாடு வந்தால் உங்கள் ஊர் ஆலிம்களிடமும் ஜமாஅத்திலும் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.

மற்ற வீடுகளில் வரும் சில கோளாறுகள்

வாட்ஸ்அப் வேலை செய்கிறது, அந்தக் கணினியில் மட்டும் எந்தத் தளமும் திறக்கவில்லை என்றால், பிங் கட்டளையோடு 8.8.8.8 என்று தட்டிப் பாருங்கள். பதில் வந்தால் இணைப்பு நலமாக இருக்கிறது, பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ் என்ற சேவைதான் கெட்டிருக்கிறது. நெட்வொர்க் செட்டிங்கில் டிஎன்எஸ் இடத்தில் அதே 8.8.8.8 என்று கொடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

சில தளங்கள் மட்டும் எக்ஸ்பியிலும் விண்டோஸ் 7-லும் திறக்கவில்லை என்றால் அது நெட்வொர்க் கோளாறே அல்ல. ஏராளமான தளங்கள் சார்ந்திருந்த ஒரு மூலச் சான்றிதழ் 2021 செப்டம்பர் 30-இல் காலாவதியானது. புதுப்பிக்கப்படாத பழைய கணினிகள் பல அன்றிலிருந்து அந்தத் தளங்களை நம்ப மறுக்கின்றன. கேபிளை மாற்றிப் பணத்தை வீணாக்க வேண்டாம்.

புது ரவுட்டர் வந்த பிறகு பழைய லேப்டாப்பில் வைஃபை பெயரே தெரியவில்லையா? பழைய லேப்டாப்புகள் பலவற்றுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை மட்டுமே தெரியும். ரவுட்டரில் 5 கிகாஹெர்ட்ஸ் மட்டும் இயங்கினால் அவற்றுக்கு அது இல்லாதது போலத்தான். பெயர் தெரிந்தும் சேர மறுத்தால், பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ3 என்று மட்டும் வைக்கப்பட்டிருக்கலாம். டபிள்யூபிஏ2-க்கு மாற்றுங்கள். அதற்கும் கீழே, பாஸ்வேர்டே இல்லாமல் திறந்துவிடும் வேலை மட்டும் வேண்டாம்.

பக்கத்து வீட்டு வைஃபை பாஸ்வேர்டைப் பிள்ளைகள் எப்படியோ கண்டுபிடித்துப் பயன்படுத்துவதாகச் சில பெற்றோர் நம்மிடம் சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள். அவர் பணம் கட்டி வாங்கியதை அவர் அனுமதியில்லாமல் எடுப்பதில் சிரிக்க ஒன்றுமில்லை. கேட்டால் பலர் கொடுத்துவிடுவார்கள், கேட்டுவிட்டுப் பயன்படுத்தச் சொல்லுங்கள். உங்கள் ரவுட்டரைப் பொறுத்தவரை, செட்டிங் பக்கத்தின் பாஸ்வேர்ட் வாங்கியபோது இருந்த அட்மின் என்பதாகவே இருந்தால் இன்றே மாற்றிவிடுங்கள்.

பழைய கணினியை இனி என்ன செய்வது?

எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8-இலும், விண்டோஸ் 7-க்கானது 2020 ஜனவரி 14-இலும் முடிந்துவிட்டன. விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14 என்று நாள் குறித்தார்கள். இவற்றை வங்கி வேலைக்கும் ஆதார் வேலைக்கும் பயன்படுத்துவது நல்லதல்ல. இலவச லேப்டாப் போன்றவற்றில் 2 ஜிபி ரேம் இருந்தால், லினக்ஸ் மின்ட்டின் இலகுவான பதிப்பைப் போட்டுப் பிள்ளைகள் எழுதவும் படிக்கவும் வைத்துக்கொள்ளலாம்.

பழைய கணக்கு மென்பொருளுக்காக எக்ஸ்பியை வைத்தே ஆக வேண்டும் என்பவர்களுக்கு ஓர் எளிய வழி. அதன் ஐபி முகவரியை ரவுட்டரிடம் கேட்காமல் கையால் கொடுங்கள். எண் 192.168.1.20, அடுத்த கட்டத்தில் 255.255.255.0. அதற்கடுத்த டிஃபால்ட் கேட்வே, டிஎன்எஸ் இரண்டையும் வெற்றாக விட்டுவிடுங்கள். வீட்டுக்குள் இருக்கும் பிரிண்டரோடும் மற்ற கணினிகளோடும் அது பேசும், வெளியே போக வழி தெரியாது. அந்த வீட்டிலும் நகலெடுக்கும் முன் இதைத்தான் செய்திருந்தோம்.

பழைய இரும்புக்குப் போடுவதாக இருந்தால், அதற்கு முன் ஹார்ட் டிஸ்கைக் கழற்றிவிடுங்கள். பைலை டெலிட் செய்வதால் அது உண்மையில் அழிவதில்லை, தெரிந்தவர்கள் மீட்டுவிடலாம். குடும்பப் படங்களும் பிறர் கொடுத்த அமானத் விவரமும் அதில் இருக்கும். அந்தச் சகோதரி, டிஸ்கையும் மூன்று பிரதி எடுத்த கணக்கையும் வீட்டுப் பத்திரம் இருக்கும் பீரோவில் வைத்திருக்கிறார். பெட்டியை மட்டும் தம்பி எடைக்குப் போட்டுவிட்டார்.